மூளைக்குச் செல்லும் வழி

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கி இரயிலேறிய தமிழர் எல்லாரும் தடா என்னும் சிற்றூரைக் கடந்தே சென்றிருப்பர், கண்டவர் சிலரே. கும்மிடிப்பூண்டியைத் தாண்டித் தமிழகத்தின் எல்லை முடிந்தவுடன், மேற்கே நாகலாபுரத்து மலைத்தொடரும் கிழக்கே புலிகாட்டு ஏரியும் அமைந்த நிலப்பரப்பின் நடுவே அவ்வூர் இருக்கின்றது. 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர இராச்சியம் பிரிந்தபோது, நெல்லூர் மாவட்டத்தோடு தடாவும் அதனுடன் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பெற்றபோது அதற்கு உரியதாயிற்று. ஆட்சிக் கோடுகள் இவ்வாறு மாறினும், அங்கே வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

இவ்வட்டாரத்து மக்களுக்குப் பெருநோய் வந்தால் கால்கள் தாமே செல்லும் திசைகள் இரண்டு. ஒன்று சென்னை, மற்றொன்று வேலூர். சித்தூரிலும் திருப்பதியிலும் சத்தியவேட்டிலும் நோயாளியின் வீட்டுக்கு நலம் விசாரிக்கச் செல்வோர், “வேலூரில் காட்டியாயிற்றா?” என்று கேட்பது வழக்கம். 1911 வரையில் சித்தூரே வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராய் இருந்தமையால், இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள உறவு மாநில எல்லைக்கு மூத்தது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை, கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்த வரலாற்றை நேயர்கள் அறிவர். அதே வேலூரோடு பின்னிக் கிடக்கும், அதிகம் பேசப்படாத வேறொரு வரலாற்றை இங்குக் காண்போம். வைரஸ் என்னும் நுண்கிருமி மூளைக்குள் நுழையும் வழியை மனிதர் கண்டறிந்த வரலாறும், அவ்வழியாகவே மருந்தை அனுப்பத் துணிந்த வரலாறும் அது.

1955ஆம் ஆண்டு. வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து குழந்தைகளை வேலூருக்குத் தூக்கி வந்தனர். கடுங்காய்ச்சல்; அடுத்து வலிப்பு; அதன்பின் நினைவிழப்பு. சிலர் இறந்தனர். பிழைத்தவருள்ளும் சிலர் முன்போல் பேசவோ நடக்கவோ இயலாதவராயினர். குழந்தை மருத்துவத் துறையைச் சார்ந்த வெப், பெரைரா என்னும் மருத்துவர்கள், இது கொசு முதலிய பூச்சிகளால் பரவும் வைரஸ் விளைவிக்கும் மூளைக்காய்ச்சலாக இருத்தல் கூடும் என்று நோய்க்குறிகளைக் கொண்டே கருதினர். புனாவில் 1952இல் நிறுவப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டெல்போர்டு ஒர்க், கீர்த்தி ஷா ஆகியோர் நோயாளிகளின் இரத்த நீரைச் சோதித்தனர். விடை வியப்புக்குரியதாய் இருந்தது. 1924இல் ஜப்பானில் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய மூளைக்காய்ச்சலின் வைரஸ் நம் நெல்வயல்களின் ஓரத்திலும் உலவுகின்றது என்பது தெரிந்தது. இந்தியாவில் அந்நோய் மனிதரிடத்து முதன்முதல் இனங்காணப்பட்டது அப்போதுதான். ஆய்வுரைகள் 1956இல் வெளிவந்தன.

நோயின் போக்கும் படிப்படியாகத் துலங்கியது. தண்ணீர் கட்டிய நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் இனத்துக் கொசு, கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் வைரஸைப் பெற்று மனிதரிடம் சேர்க்கின்றது. தொற்றுப் பெற்றோருள் மிகப் பலருக்கு யாதொரு துன்பமும் நேர்வதில்லை. ஏறத்தாழ 250 பேருள் ஒருவருக்கே கடுநோய் தோன்றும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகின்றது. எனினும் அவ்வொருவரின் நிலையே கொடிது. கடுநோயுற்றோரில் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறத்தல் கூடும்.

இங்கே மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. நோயைச் சுமந்து திரியும் கொசுவை ஆங்கில நூலார் ‘வெக்டர்’ என்பர். சுமப்பவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. தமிழில் நோய்கடத்தி என்று எழுதிவிட்டால் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இக்காலத்து மருத்துவ ஏடுகளில் அதே சொல் வைரஸையே குறித்து வருகின்றது. அதுவும் மருந்தைச் சுமக்கும் வைரஸை! அவ்விடத்தில் கடத்தி என்று எழுத கை கூசுகின்றது. ஊர்தி என்றெழுதுதல் பொருந்தும். வைரஸுக்கு நம்மவர் ஆக்கிய நச்சுயிரி என்னும் பெயரும் இத்தகைய இடங்களில் இடறவே செய்யும். நோயைச் சுமந்த கொசுவை வேலூரார் தேடிய நாளுக்கும், மருந்தைச் சுமக்கும் வைரஸை அவ்வூரிலேயே நோயாளிக்குப் பயன்படுத்திய நாளுக்கும் இடையே எழுபது ஆண்டுகள் கூட நிறையவில்லை.

இரத்தத்தில் கலந்த பொருள் எல்லாம் மூளைக்குள் சென்றுவிடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. 1885இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். ஈரலும் சிறுநீரகமும் தசையும் நிறம் பெற்றன. மூளை மட்டும் வெண்மையாகவே இருந்தது. அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறம் பெற்றது; உடம்பு பெறவில்லை. இரத்தத்திற்கும் மூளைக்கும் நடுவே ஓர் அரண் உண்டு என்பது இவற்றால் விளங்கிற்று. மூளையில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து இவ்வரணை அமைக்கின்றன.

தடா வழியாக நெடுஞ்சாலையில் சென்றவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும் வரையில், தடாவை அடுத்த பீமுனிவாரிபாளையத்துச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை வரிசையாய் நிற்கும். முறையான சீட்டு உள்ள வண்டி நகரும், இல்லாதது நிற்கும். மூளையின் சாவடியிலும் சர்க்கரைக்கு வழியுண்டு. உயிர்வளிக்குத் தடையே இல்லை. மருந்துகளுள் பெரும்பாலானவை வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. மூளை நோய்களுக்கு மருந்து காண்பது ஏனைய உறுப்புகளின் நோய்களைவிடக் கடினமாய் இருப்பதற்கு இவ்வரண் ஒரு முதன்மைக் காரணம். அத்தகைய சாவடியைச் சில வைரஸ்கள் மட்டும் எவ்வாறோ கடந்துவிடுகின்றன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இரத்தத்தின் வழியே வந்து அரணைக் குலைத்து நுழைகின்றது.

சாவடிப் பக்கமே செல்லாமல் வயற்காட்டு வரப்பில் நடந்து ஊருக்குள் புகுவாரைப் போன்றது வெறிநாய்க்கடி வைரஸ். கடிவாயில் உள்ள நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, அந்நரம்பினூடாகவே மேலேறித் தண்டுவடத்தையும் மூளையையும் அடையும். தென்னாட்டில் நாய் கடித்தோர் ஒருகாலத்தில் சிகிச்சைக்காக இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி வரை செல்ல நேர்ந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பின்னரே அத்துயரம் நீங்கியது. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செய்த தடுப்பு மருந்தை வயிற்றைச் சுற்றிப் பல நாள் ஊசியாகப் போட்டதை முதியோர் மறந்திரார். அந்த மூளைத் திசுவே சிலருக்கு வாதத்தை விளைவித்தது. 2004 இறுதியில் அம்மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. நோய் தீர்க்கச் சென்ற பொருளே நரம்பைத் தாக்கிய அவ்வனுபவம், மூளையை நெருங்கும் எம்மருந்துக்கும் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதை மருத்துவர்க்கு அன்றே உணர்த்தியிருந்தது.

இனி மீண்டும் வேலூர். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுநீதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை ஓர் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார். எய்ட்ஸ் என்னும் நோய் அமெரிக்காவுக்கு உரியது, இந்தியாவில் அதற்கு இடமே இல்லை என்று பலரும் நம்பிய காலம் அது. பாலியல் தொழிலில் தள்ளப்பட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளை நிர்மலா சேகரித்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி அன்று சென்னையில் இல்லை. பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளை ஏந்தி இரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூர் சென்றார். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானுடைய ஆய்வுக்கூடத்தில் சோதனை நடந்தது. மாதிரிகளில் ஆறு நிறம் மாறின. எச்.ஐ.வி. என்னும் வைரஸ் இந்தியாவில் இருப்பதற்கு முதற்சான்று அதுவே. இவ்வளவு பெரிய செய்தியை ஒரு மாணவியின் கைப்பெட்டி சுமந்து சென்றது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. அவ்வாண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அது அறிவிக்கப்பட்டபோது நம்ப மறுத்தவர் பலர்.

எச்.ஐ.வி. இரத்தத்தின் காவற்செல்களைத் தாக்குவது. அச்செல்களுள் அமர்ந்து மூளைக்குள்ளும் புகுவது. அதனிடத்து வேறொரு திறமும் உண்டு. புகுந்த செல்லின் மரபுப் பொருளோடு தன் மரபுப் பொருளையும் இணைத்து எழுதிவிடும். செல் பிரியும் போதெல்லாம் அவ்வெழுத்தும் உடன் பெருகும். எச்.ஐ.வி. நோயை வேரோடு அகற்றுவது அரிதாய் இருப்பதற்கு இத்திறமே காரணம். விஞ்ஞானிகள் சிலருடைய கண்ணுக்கு அதுவே வேறு விதமாய்த் தோன்றிற்று. பிறவியிலேயே ஒரு ஜீன், அதாவது ஒரு மரபணு, பழுதுபட்டு நோயுற்ற குழந்தைக்கு நல்ல மரபணுவை அளிக்க வேண்டுமாயின், செல்லுக்குள் அதனை எழுதி வைக்கத் தக்க எழுத்தர் இவ்வைரஸைவிட வேறு யார்?

மரபணுச் சிகிச்சை என்னும் இக்கருத்து அப்போதே செயலுக்கு வந்துகொண்டிருந்தது. 1990 செப்டம்பரில் அமெரிக்காவில் நோயெதிர்ப்பு ஆற்றல் இன்றிப் பிறந்த நான்கு வயதுச் சிறுமிக்கு, வேறொரு வைரஸின் துணையால் திருத்திய இரத்தச் செல்கள் செலுத்தப்பட்டன. ஆனால் அப்போது வழங்கிய ஊர்திகள் பிரிந்து பெருகும் செல்களில் மட்டுமே வேலை செய்தன. மூளையின் நரம்புச் செல்களோ ஒருமுறை அமைந்தபின் பெரும்பாலும் பிரிவதில்லை.

இத்தடையை நீக்கிய ஆய்வு 1996இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் லூயிஜி நல்தினி, திதியே திரோனோ, நம் நாட்டிற் பிறந்த இந்தர் வர்மா ஆகியோரும் அவர்தம் தோழரும் எச்.ஐ.வி.யையே ஊர்தியாக்கினர். அவர்கள் செய்ததை ஓர் அஞ்சலுறையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். உறைக்குள் இருந்த தீய கடிதத்தை எடுத்துவிட்டு, தாம் அனுப்ப விரும்பிய கடிதத்தை உள்ளே வைத்தனர். மேலுறையையும் மாற்றினர். எச்.ஐ.வி.யின் உறைக்குப் பதிலாக, கால்நடைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸின் உறையை அதற்கு அணிவித்தனர். அவ்வைரஸ் வெறிநாய்க்கடி வைரஸின் உறவினம் என்பது கருதத்தக்கது. இவ்வாறு அமைந்த ஊர்தி செல்லுக்குள் சென்று கடிதத்தைச் சேர்க்கும். தன்னைப் பெருக்கிக்கொள்ள அதனால் இயலாது. வளர்ந்த எலிகளின் மூளையில் அதனைச் செலுத்தினர். பிரியாத நரம்புச் செல்களும் அம்மரபணுவை ஏற்றுக்கொண்டன. வேலூரில் ஆறு மாதிரிகள் நிறம் மாறியதற்குச் சரியாகப் பத்தாண்டுகளுக்குப் பின்னர் இது நிகழ்ந்தது.

மனித மூளையின் நோயில் இவ்வூர்தி முதலிற் பயன்பட்ட இடம் பாரிஸ். ஆண் குழந்தைகளை ஐந்தாறு வயதுக்கு மேல் தாக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள கொழுப்புறை அழிந்து, பார்வையும் செவியும் நடையும் ஒவ்வொன்றாகப் போய்ச் சில ஆண்டுகளில் உயிர் போகும். நத்தலி கார்த்தியே, பாட்ரிக் ஓபூர் ஆகியோரின் குழுவினர், ஏழு வயதுச் சிறுவர் இருவரின் எலும்பு மச்சைக்குரிய மூலச்செல்களை எடுத்து, எச்.ஐ.வி. ஊர்தியால் நல்ல மரபணுவை அவற்றில் எழுதி, அச்சிறுவர் உடலிலேயே திரும்பச் செலுத்தினர். மூளையின் அரணை அவர்கள் தொடவே இல்லை. மூலச்செல்லிலிருந்து தோன்றும் இரத்தச் செல்களில் ஒரு வகை, இயல்பாகவே அரணைக் கடந்து மூளைக்குள் குடியேறுவது. எச்.ஐ.வி. மூளைக்குச் செல்லத் தேர்ந்த அதே வண்டியில் மருந்தும் சென்றது! ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் பார்க்கையில் அவ்விருவரின் மூளையில் அழிவு நின்றிருந்தது. 2009இல் இச்செய்தி வெளியாயிற்று.

இதற்கு இரண்டாண்டுகள் முன்னர் வந்த ஓர் ஆய்வையும் விட மனம் வரவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரீதி குமார், மஞ்சுநாத் சுவாமி முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. வெறிநாய்க்கடி வைரஸின் புறவுறையிலிருந்து 29 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டை மட்டும் எடுத்தனர். நரம்புச் செல்லை அடையாளம் காணும் திறம் அத்துண்டுக்கு உண்டு. மரபுச் செய்தியை அடக்கும் நுண்பொருளை அதனோடு பிணைத்து, சுண்டெலியின் இரத்தக் குழாயிலே செலுத்தினர். அது மூளையை அடைந்தது. அவ்வெலிகளுக்கு அவர்கள் ஊட்டியிருந்த நோய் எது தெரியுமா? 1955இல் வட ஆர்க்காட்டுக் குழந்தைகளைத் தாக்கிய அதே ஜப்பானிய மூளைக்காய்ச்சல். மருந்து பெற்ற எலிகளில் நூற்றுக்கு எண்பது அளவில் பிழைத்தன. குன்னூரின் பகைவனை வேலூரின் பகைவன் மேல் ஏவியது போன்ற செயல்! எலியில் கண்ட வெற்றியை மனிதரில் கண்டதாகக் கொள்ளலாகாது. ஆயினும் வழி இருக்கின்றது என்பது உறுதியாயிற்று.

எச்.ஐ.வி.யோடு எவ்வகையிலும் சேராத மற்றோர் ஊர்தி, இன்று மூளை மருத்துவத்தில் முன்னணியில் நிற்கின்றது. 1965இல், அடினோ வைரஸ் என்னும் சளிக்கிருமியை மின்னணு உருப்பெருக்கியில் ஆராய்ந்தவர்கள், அதனோடு ஒட்டித் திரியும் மிகச் சிறிய துகள்களைக் கண்டனர். அடினோ துணை வைரஸ் என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏ.ஏ.வி. என்பர். அதனால் மனிதருக்கு விளையும் நோய் எதுவும் அறியப்படவில்லை. நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தினார் இலர். மரபெழுத்துகளில் 4,700 அளவே அதற்குள் அடங்கும். ஆகவே பெரிய மரபணுக்களை அதில் ஏற்ற முடியாது. தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹூ என்பாரும் குழுவினரும், மூளையில் இன்றியமையாத ஒரு நொதி இல்லாமையால் தலை நிற்காமலும் உட்கார முடியாமலும் கிடந்த நான்கு குழந்தைகளின் மண்டையோட்டில் நுண்துளையிட்டு, இவ்வைரஸால் மரபணுவை மூளையின் உள்ளிடத்திலேயே வைத்தனர். 2012இல் வெளிவந்த அவர்களது அறிக்கையில் அக்குழந்தைகளின் அசைவு தெளிவாக மேம்பட்டமை கூறப்பட்டது. அந்நோய்க்கான இவ்வகை மருந்தை 2022இல் ஐரோப்பாவும் 2024இல் அமெரிக்காவும் ஏற்றன.

துளையிடாமலே செல்லும் வழியும் 2009இல் புலனாயிற்று. ஏ.ஏ.வி. குடும்பத்தில் ஒன்பதாம் எண் பெற்றது, இரத்தக் குழாயில் செலுத்தப்பட்டால் சாவடியைக் கடந்து தண்டுவடத்து நரம்புச் செல்களை அடைவதை அமெரிக்காவில் ஒஹையோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளிற் கண்டனர். பத்தாண்டுகளில் அது மருந்தாயிற்று. தண்டுவடத் தசைச் சிதைவு என்னும் நோயால், குழவிப் பருவத்திலேயே கை கால் துவண்டு மூச்சும் விட இயலாது மாளும் குழந்தைகளுக்கு 2019இல் அமெரிக்கா அதனை அனுமதித்தது. ஒரே ஊசி, வாழ்நாளில் ஒரே முறை. விலை 21 இலட்சம் டாலருக்கு மேல்! நம் நாணயத்தில் பதினாறு கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதியது இம்மருந்தையே. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சில பெற்றோர் ஊரார் கொடையால் அத்தொகையைத் திரட்டினர். ஒரு குடும்பத்திற்கு ஊர் கொடுக்கும். அடுத்த குடும்பத்திற்கும் கொடுக்குமா?

வேலூரில் நடந்த முயற்சியை இவ்விடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். அங்குள்ள மூலச்செல் ஆராய்ச்சி மையத்தில் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் தலைமையில், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, ஹீமோபீலியா என்னும் குருதி உறையா நோய்க்கு மரபணுச் சிகிச்சை மேற்கொள்ளப்பட்டது. மேலை நாடுகளில் இந்நோய்க்கு ஏ.ஏ.வி. ஊர்தியையே பெரிதும் நாடினர். நம் நாட்டிலோ மிகப் பலருடைய இரத்தத்தில் ஏ.ஏ.வி.க்கு எதிரான பொருள் முன்னமே அமைந்துள்ளது. சிறு வயதில் அறியாமலே அத்தொற்று வந்து போனதன் அடையாளம் அது. ஊர்தி சென்று சேருமுன்னே உடல் அதனை அழித்துவிடும். வேலூரார் எச்.ஐ.வி. வழிவந்த ஊர்தியைக் கொண்டனர். பாரிஸில் செய்தது போலவே மூலச்செல்களை எடுத்து, மரபணுவை எழுதி, நோயாளிக்குத் திரும்பக் கொடுத்தனர். 22 முதல் 41 வயது வரையுள்ள ஐவர் இச்சிகிச்சை பெற்றனர். அவர்களைக் கவனித்து வந்த காலம் அனைத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். அக்காலத்தில் ஐவருக்கும் ஒருமுறைகூட நோயின் இரத்தப் பெருக்கு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்று இதனை வெளியிட்டது.

ஹீமோபீலியா மூளை நோயன்றே எனில், ஆம். அது இரத்த நோய். எனினும் அந்நோயாளர் அஞ்சி அஞ்சி வாழ்வது மூளையினுள் குருதி கசிவதை எண்ணியே. அன்றியும், இரத்தத்தின் மூலச்செல்லில் மரபணுவை எழுதும் கைத்திறன் ஓரிடத்தில் நிலைபெற்றுவிட்டால், அதே செல்கள் மூளைக்கும் செல்வன என்பதைப் பாரிஸ் காட்டியிருக்கின்றது. 1986இல் அவ்வைரஸை அடையாளங்கண்ட அதே கல்லூரியில், அதன் வழித்தோன்றலாகிய ஊர்தி ஐவருடைய குருதியைத் திருத்தியது. ஆறு மாதிரிகளுக்குப் பிறகு ஐந்து நோயாளிகள்; இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள்.

இம்முறைகளில் ஆபத்தே இல்லை என்று சொல்லுவது நேர்மையாகாது. 1999இல் அமெரிக்காவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், அடினோ வைரஸ் ஊர்தி பெற்ற நான்காம் நாள் உயிரிழந்தார்; அத்துறையே பல ஆண்டுகள் தளர்ந்தது. பாரிஸில் தொடங்கிய மூளை நோய்ச் சிகிச்சையைப் பின்பற்றி அமெரிக்க நிறுவனமொன்று வேறோர் ஊர்தியை அமைத்து 67 சிறுவருக்கு அளித்ததில், எழுவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது 2024இல் அறிவிக்கப்பட்டது. மரபணு தவறான இடத்தில் எழுதப்பட்டதால் நேர்ந்த தீங்கு அது. 2022இல் தசைச் சிதைவு மருந்து பெற்ற குழந்தைகள் இருவர் கல்லீரல் செயலிழந்து மாண்டனர். ஆயினும் சிகிச்சை பெறாத குழந்தையின் கதி என்ன என்பதையும் உடன் வைத்தே பெற்றோர் முடிவு செய்ய வேண்டியிருக்கின்றது; அம்முடிவு எளிதன்று.

மத்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. உதவித்தொகையின் உச்சவரம்பு 2022இல் ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பதினாறு கோடிக்கு முன் ஐம்பது இலட்சம் எம்மூலைக்கு? இத்தகைய சிகிச்சையை நாமே செய்யக் கற்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை. 1955இல் வியாதியின் பெயரை அறிய இரத்த நீர் புனாவுக்குச் சென்றது. 1986இல் சென்னையின் மாதிரிகள் வேலூருக்குச் சென்றன. சோதனை எங்கு நடக்கின்றதோ அங்கேதான் அறிவும் தங்குகின்றது என்பதை இவ்வட்டாரத்து வரலாறு காட்டுகின்றது. வேலூரின் ஐவர் சிறு தொகையினரே. ஆனால் அச்செல்களைத் திருத்திய கைகள் நம் நாட்டுக் கைகள்.

பணத்தைப் போலவே காலமும் கண்டிப்பானது. அழிந்த நரம்புச் செல்லை எவ்வூர்தியும் மீட்பதில்லை. அழியாமல் இருப்பதைக் காப்பதே இன்று இயலுவது. அதனாலேயே, தசைச் சிதைவு ஊசி அமெரிக்காவில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கென அனுமதிக்கப்பட்டது. தலை நிற்க வேண்டிய மாதத்தில் நிற்காத குழந்தையை, நடந்துகொண்டிருந்து தடுமாறத் தொடங்கிய சிறுவனை, “போகப் போகச் சரியாகும்” என்று வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது. அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர் மொழி தெரியாத மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கி, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய்க் காட்டலாம் என்று மாதங்களைக் கடத்துவது உண்டு. அரிய நோய்களுக்கென மத்திய அரசு குறித்துள்ள மையங்கள் தில்லி, மும்பை, கல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, திருவனந்தபுரம் முதலிய நகரங்களில் உள்ளன. சென்னையில் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை அத்தகைய மையம். தடாவில் நிற்கும் சூளூர்ப்பேட்டைப் புறநகர் வண்டியில் ஏறினால், அன்று மாலைக்குள் குழந்தையைக் காட்டிவிட்டு வீடு திரும்பலாம்.